‘தெரியல’ன்னு சொல்ல ஓர் இடம்!

வகுப்பறைக்குள் தனியாகத் திணறிய ஆசிரியர்களை ஒரு செல்போன் சேர்த்துவைத்திருக்கிறது. அந்தச் சேர்க்கையைக் காப்பாற்ற நாம் என்ன செய்யப்போகிறோம்?

இரவு எட்டரை மணி. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் அக்கா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தார். மூன்றாம் வகுப்புச் சிறுமியின் நோட்டு அது. பழுப்பு அட்டை, ஓரத்தில் எண்ணெய்க் கறை. பக்கத்தைப் பிரித்து டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராக வைத்தார். மேலே பெயர் எழுதியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு செல்போனில் ஒரு படம் எடுத்தார்.

அந்தப் பக்கத்தில் ஐந்து கழித்தல் கணக்குகள். 42-லிருந்து 17 போனால் 35 என்று எழுதியிருந்தாள் சிறுமி. 63-லிருந்து 28 போனால் 45. 51-லிருந்து 36 போனால் 25. ஐந்தும் தப்பு. ஐந்தும் ஒரே மாதிரித் தப்பு.

படத்தை வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டுவிட்டு அக்கா கீழே எழுதினார்: ‘இந்தப் பாப்பாவுக்கு இனமாற்றக் கழித்தல் மூணு நாளா சொல்லித் தர்றேன். வரல. நான் எங்க தப்புப் பண்றேன்னு தெரியல. யாராவது சொல்லுங்க.’ பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கிக் கழிப்பதைத்தான் இனமாற்றக் கழித்தல் என்கிறார்கள்.

அக்கா ஈராசிரியர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். சர்வீஸுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் அவரைப் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிட்டுப் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர் ‘தெரியல’ என்று எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. அனுப்பியவர் வேறு மாவட்டத்து ஆசிரியர். அக்கா அவரை நேரில் பார்த்ததே இல்லை. ‘டீச்சர், எப்படிப் போட்டேன்னு பாப்பாகிட்டயே கேட்டீங்களா?’

அக்கா கேட்டிருக்கவில்லை. மறுநாள் கேட்டார். சிறுமி தயங்காமல் சொன்னாளாம்: “பெரிய நம்பர்ல இருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?”

உண்மைதான். அவள் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது அக்காதான் அப்படிச் சொல்லிக்கொடுத்தார். சிறுமி அந்த விதியை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பொருத்திவிட்டாள். ஒன்றாம் இடத்தில் 2-ம் 7-ம் இருக்கிறது. பெரியது 7, அதிலிருந்து 2 போனால் 5. பத்தாம் இடத்தில் 4-லிருந்து 1 போனால் 3. விடை 35. டீச்சர் சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்த பிள்ளைக்குத்தான் அவர் மூன்று நாளாகச் சிவப்பு மையில் தப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

1978-ல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகளின் கழித்தல் பிழைகளைக் கூர்ந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பல பிழைகள் கவனக்குறைவால் வருவதில்லை, குழந்தை தன் மனதில் வைத்திருக்கும் ஒரு தவறான விதியை முறையாகப் பின்பற்றுவதால் வருகின்றன என்று காட்டினார்கள். ‘பெரியதிலிருந்து சின்னதை’ என்பதும் அவர்கள் பட்டியலில் உண்டு. அக்கா அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. அதன் சாரம் ஒரு சக ஆசிரியரின் ஒற்றைக் கேள்வி வழியே அவர் வகுப்பறைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆசிரியர்களின் கையில் செல்போன் என்றால் நமக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ‘கிளாஸ்ல போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க’ என்பார்கள் ஊரில். அந்தப் புகாரில் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு. ஆனால், பள்ளி முடிந்த பிறகு, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அதே போனில் ஓர் இரவுப் பள்ளியை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்குக் கட்டடம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, ஆய்வாளர் இல்லை. அங்கே மாணவர்களும் ஆசிரியர்களே.

முட்டை அட்டைக்குள் ஒரு தொழில்

ஆசிரியர் தொழிலைப்போலத் தனிமையான தொழில் குறைவு. ஒரு டாக்டர் சிக்கலான நோயாளியைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் கேட்கலாம். வக்கீல் சீனியரிடம் போய் நிற்கலாம். கொத்தனாருக்குப் பக்கத்திலேயே மேஸ்திரி இருப்பார். ஆசிரியரோ, நாற்பது குழந்தைகள் சூழ இருந்தும், தன் வேலையைத் தெரிந்த ஒருவர்கூடப் பார்க்காத இடத்தில் வேலை செய்கிறார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் ஆசிரியர்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தனிமையைத்தான் பேசினார். முட்டை அடுக்கும் அட்டையில் ஒரு குழிக்கு ஒரு முட்டை இருப்பதுபோல, ஒரு அறைக்கு ஓர் ஆசிரியர். ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாமலே போகும். நல்லாசிரியர் ஒருவர் முப்பது வருடம் சேர்த்த நுணுக்கமெல்லாம் அவர் ஓய்வுபெறும் நாளில், மாலையோடும் பொன்னாடையோடும் வீட்டுக்குப் போய்விடும். அடுத்து வருபவர் ‘அ’விலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஊர் தொடக்கப் பள்ளிகளில் இந்தத் தனிமை இன்னும் கெட்டி. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால், மற்றவர்தான் ஐந்து வகுப்புக்கும் எல்லாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், காலை உணவு, மதிய உணவு, எமிஸ் இணையதளத்தில் தகவல் பதிவு, அழுகிற குழந்தை, மூக்கில் ரத்தம் வருகிற குழந்தை. இதற்கு நடுவில் ‘இந்தப் பாடத்தை இப்படி நடத்தினால் என்ன?’ என்று யோசிக்க, யோசித்ததை யாரிடமாவது சொல்ல, யார் இருக்கிறார்கள்?

பயிற்சிகள் உண்டு. மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்லித் தருவார். அவர் வட்டாரத்துக்குச் சொல்வார். வட்டார வள மையத்தில் ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கொஞ்சம் சிந்தும். குடத்தில் மொண்ட தண்ணீர் வீடு வந்து சேர்வதற்குள் பாதியானதுபோல, வகுப்பறையை எட்டும்போது மிஞ்சுவது கையேடும் கையெழுத்துப் போட்ட வருகைத் தாளும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்தன. நல்ல கருத்தாளர் அமைந்தால் அங்கே அருமையான பேச்சு நடக்கும். ஆனால், 42-லிருந்து 17 போகாத சிக்கல் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு வருகிறது. கூட்டம் அடுத்த மாதம்தான்.

தபால் காலத்திலேயே தொடங்கியது

ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பதைச் செல்போன் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தாகம் பழையது.

1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் அதை ஆரம்பித்தன. பின்னாளில் ஏகலவ்யா அமைப்பு அதைப் பேணி வளர்த்தது. குழந்தைகள் தாங்களே சோதனை செய்து அறிவியல் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதைத் தாங்கி நிறுத்திய தூண்களில் ஒன்று ஆசிரியர்களின் மாதக் கூட்டம். ‘என் வகுப்பில் இந்தச் சோதனை சரியாக வரவில்லை’ என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று சேர்ந்து தோண்டுவார்கள். அங்கிருந்து கிளம்பிய குறைகள் பாடப்புத்தகத்தையே மாற்றின. குழந்தைகள் தங்கள் கேள்விகளை ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள். பதிலும் தபாலில் வரும். 2002-ல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால், சாதாரண கிராமத்து ஆசிரியருக்கு ஒரு சபை கிடைத்தால் அவர் என்ன ஆவார் என்பதை அந்த முப்பது வருடமும் காட்டிவிட்டன.

நம் தமிழ்நாட்டிலும் அதற்குச் சாட்சி உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், குழந்தைகள் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவந்த ஆசிரியர்கள் பாட அட்டைகளையும் கற்றல் ஏணிப்படிகளையும் தாங்களே உட்கார்ந்து உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. அந்த முறையைப் பற்றி இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால், அந்த அட்டைகளை வெட்டி ஒட்டிய ஆசிரியர்கள் ‘அது நாங்க செஞ்சது’ என்று இன்றும் சொல்லும்போது குரலில் வருகிற பெருமிதம், மேலிருந்து வந்த எந்தக் கையேட்டைப் பற்றிச் சொல்லும்போதும் வருவதில்லை.

கைக்கு வந்த சபை

2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் கதை வேகமெடுத்தது. அதுவரை பெரும்பாலும் நகரத்து ஆசிரியரிடம் இருந்த இணையம், பஸ் போகாத ஊர்ப் பள்ளிக்கும் எட்டியது. 2018-ல் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்குப் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் கியூ.ஆர். கோடு. பாடமும் கனத்தது. ‘இந்த யூனிட்டை எப்படி நடத்துறீங்க?’ என்ற கேள்வி அந்த ஆண்டுகளில் எத்தனை குழுக்களில் ஓடியது என்பதற்குக் கணக்கே கிடையாது. பாடவாரியாக, மாவட்டவாரியாகக் குழுக்கள் முளைத்தன. முதல்நாள் நடத்தியவர் மறுநாள் நடத்தப்போகிறவருக்கு வழிகாட்டினார்.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. முதல் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை, முதல் வகுப்பு அறையில் ஒருநாள்கூட உட்காராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்றது. அந்தக் காலத்தில் வீடியோ எடுக்கத் தெரியாத ஆசிரியர்கள் செருப்புப் பெட்டியில் செல்போனைச் சாய்த்துவைத்துப் பாடம் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்தது இன்னோர் ஆசிரியர், பெரும்பாலும் வாட்ஸ்அப் வாய்ஸில்.

2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 1 முதல் 3-ம் வகுப்பு வரை வந்தது. ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைக் குழந்தைகள். மூன்று நிலைக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பது எப்படி? கையேடு சொன்னது ஒன்று. பக்கத்து ஒன்றியத்து டீச்சர் தன் வகுப்பறையின் தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டு, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று காட்டி அனுப்பிய படம் இன்னொன்று. அக்காவுக்கு விளங்கியது இரண்டாவதில்தான்.

ஒவ்வொரு ஊடகத்தையும் ஆசிரியர்கள் ஒவ்வொரு வேலைக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். உடனடிச் சந்தேகத்துக்கு வாட்ஸ்அப். பயிற்சித் தாளும் வினாத்தாளும் சேர்த்துவைக்க டெலிகிராம். அது அவர்களுக்குப் பரண் மாதிரி, தேடினால் கிடைக்கும். செய்முறையைக் கண்ணால் பார்க்க யூடியூப். கொஞ்சம் நீளமாக, மனம்விட்டு எழுத ஃபேஸ்புக். ‘இன்று என் வகுப்பில்’ என்று தொடங்கி ஓர் ஆசிரியர் எழுதும் பதிவைப் படித்துவிட்டு, எங்கோ ஒரு மலைக் கிராமத்துப் புது ஆசிரியை ‘எனக்கும் இதேதான் நடந்தது’ என்று எழுதுகிறார். அந்த ஒரு வரியில் அவருடைய தனிமை பாதி தீர்ந்துவிடுகிறது.

வாத்தியார்கள் படிக்கிற புத்தகங்களும் இந்த வழியில்தான் கைமாறுகின்றன. கிஜுபாய் பத்தேகாவின் ‘பகல் கனவு’ம், ‘டோட்டோ-சான்’ தமிழ் மொழிபெயர்ப்பும், பேராசிரியர் ச.மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’வும் பி.எட். வகுப்பில் படித்ததைவிட, ஒரு நண்பர் போட்ட பதிவைப் பார்த்து வாங்கிப் படித்தவர்கள்தான் நான் பேசியவர்களில் அதிகம்.

நான்காவது படி

மறுபடி அந்தக் கணக்கு நோட்டுக்கு வருவோம். ஏனென்றால் முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

முதல்நாள் இரவு குழுவில் வந்த யோசனைகளில் ஒன்றை அக்கா எடுத்துக்கொண்டார். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒரே அளவாக உடைத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார். மறுநாள் சிறுமியின் முன்னால் நான்கு கட்டும் இரண்டு உதிரியும் வைத்தார். “இதுல இருந்து பதினேழு குச்சி எனக்குக் குடு பார்ப்போம்.”

சிறுமி இரண்டு உதிரியையும் நீட்டினாள். பிறகு கட்டுகளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டை உருவினாள். குச்சிகள் சிதறின. இன்னும் ஐந்தை எண்ணிக் கொடுத்தாள். பிறகு ஒரு முழுக் கட்டைக் கொடுத்தாள். மீதி இரண்டு கட்டு, ஐந்து உதிரி. “இருபத்தஞ்சு டீச்சர்!”

இங்கே கதையை முடித்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. ஃபேஸ்புக்கில் போட்டால் ஐந்நூறு லைக் விழும். ஆனால், அன்று மதியமே நோட்டில் அதே கணக்கைக் கொடுத்தபோது சிறுமி மறுபடியும் 35 என்று எழுதினாள்.

அக்கா அதையும் குழுவில் எழுதினார். ‘குச்சியில வருது. நோட்டுல வரல.’

எனக்குத் தெரிந்து இந்த இரவுப் பள்ளியின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. கேள்வி கேட்பது முதல் படி. பதில் கிடைப்பது இரண்டாவது. வகுப்பில் செய்துபார்ப்பது மூன்றாவது. செய்துபார்த்ததில் என்ன ஆனது என்று திரும்பிவந்து சொல்வது நான்காவது. பெரும்பாலான குழுக்கள் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகின்றன. ‘சூப்பர் சார்’, ‘அருமை மேடம்’, இரண்டு கைகூப்பும் படம், அத்துடன் முடிந்தது. யோசனை வகுப்பறையில் பலித்ததா என்று கொடுத்தவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. நான்காவது படி ஏறும் குழுவில்தான் ஆசிரியர்கள் வளர்கிறார்கள்.

ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ‘ஜுக்யோ கென்க்யூ’ என்ற வழக்கம் இருக்கிறது. பாட ஆய்வு என்று சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று குழந்தைகளையே கவனிப்பார்கள். பிறகு கூடி உட்கார்ந்து, எந்தக் குழந்தை எங்கே தடுமாறியது என்று பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். திருத்திய பாடத்தை இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்திப் பார்ப்பதும் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் அதைச் செய்ய ஆளில்லை. ஆனால் ‘குச்சியில வருது, நோட்டுல வரல’ என்று அக்கா எழுதியபோது, முகம் தெரியாத நான்கு பேர் அவருடைய வகுப்பறையின் பின்பக்கம் வந்து நின்றதுபோலத்தான் ஆனது.

அன்றிரவு வந்த வாய்ஸ் ஒன்றரை நிமிடம். பேசியவர் வயதான ஆசிரியராக இருக்க வேண்டும், நிதானமான குரல். “டீச்சர், குச்சிக்கும் நோட்டுக்கும் நடுவுல ஒரு பாலம் வேணும். கணக்குக்குப் பக்கத்துலயே கட்டையும் குச்சியையும் படமா வரையச் சொல்லுங்க. ஒரு கட்டை அடிச்சுட்டுப் பத்துக் கோடு போடட்டும். போட்டதும் அந்த இடத்துலயே நம்பரையும் மாத்தி எழுதட்டும். ஒரு வாரம் படம் வரையட்டும். அப்புறம் அதுவா விட்டுடும்.”

ஒரு வாரம் ஆகவில்லை. ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் சிறுமி படம் வரையாமலே கணக்கைப் போட்டுவிட்டு நோட்டை நீட்டினாளாம். அக்கா அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினார். இந்த முறையும் பெயரின் மேல் கட்டைவிரல்.

ஒரே போனில் இரண்டு குழுக்கள்

இவ்வளவு நல்லதைச் சொல்லும்போது, ஆசிரியர்களின் போனில் இருக்கும் இன்னொரு குழுவையும் சொல்லியாக வேண்டும்.

அக்காவின் போனில் நான் எண்ணிய குழுக்கள் பதினொன்று. அவற்றில் ஏழு அலுவலகக் குழுக்கள். காலை ஏழு மணிக்கு ‘இன்று மாலைக்குள்’, மதியம் ‘உடனடியாக’, இரவு ஒன்பதரைக்கு ‘மிகவும் அவசரம்’. பதிவேற்றாத பள்ளிகளின் பட்டியல் சிவப்பு வண்ணத்தில். விழா நடந்ததற்கு ஆதாரமாகப் படம், மரம் நட்டதற்குப் படம், உறுதிமொழி எடுத்ததற்குப் படம். அந்தக் குழுக்களில் ஆசிரியர்கள் எழுதுவது ஒரே சொல்தான்: ‘முடிந்தது’.

நிர்வாகத்துக்குத் தகவல் தேவை, மறுக்கவில்லை. ஆனால், ஆணை வருகிற இடமும் கற்றுக்கொள்கிற இடமும் ஒன்றாகும்போது, கற்பதுதான் முதலில் சாகிறது. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில் ‘எனக்கு இது நடத்த வரல’ என்று எந்த ஆசிரியர் எழுதுவார்? தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 முதல் இருக்கின்றன. எதை எழுதினால் விளக்கம் கேட்பார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. வட்டாரக் குழுவில் நல்ல நோக்கத்தோடு ஒரு சந்தேகம் கேட்ட இளம் ஆசிரியைக்கு, ‘இதுகூடத் தெரியாமல் எப்படி வேலைக்கு வந்தீர்கள்?’ என்று பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் அவர் வாய் திறக்கவே இல்லை. அவர் மட்டுமா? படித்த நூற்றுச் சொச்சம் பேரும் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டார்கள்.

தெரியல என்று சொல்ல முடியாத இடத்தில் தெரிந்துகொள்வதும் நடக்காது. குழந்தைகள் விஷயத்தில் இதை நன்றாகப் புரிந்துகொண்ட கல்வித் துறை, ஆசிரியர்கள் விஷயத்தில் மறந்துவிடுகிறது.

குழந்தையின் முகம் யாருடையது?

ஆசிரியர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன.

முதலாவது, குழந்தைகளின் படம். நல்ல மனதோடுதான் போடுகிறோம். ‘பெற்றோர் இல்லாத இந்த மாணவிக்கு’ என்று எழுதி, முகம் தெரிய, ஊர் தெரிய ஒரு படம். உதவியும் வரக்கூடும். ஆனால், அந்தப் படம் அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் இணையத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பையனின் வீடியோவை, அவன் முன்னேற்றத்தைக் காட்டத்தான் எடுத்தோம் என்றாலும், அவன் தெருப் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று யோசித்தோமா? 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்துக்கு முன்பே அக்காவின் கட்டைவிரலுக்கு அது தெரிந்திருந்தது. நோட்டைக் காட்டலாம், கையெழுத்தைக் காட்டலாம், குழந்தையைக் காட்டத் தேவையில்லை.

இரண்டாவது, பி.டி.எஃப். மோகம். பாடக்குறிப்பு, பயிற்சித் தாள், வினாத்தாள் எல்லாம் தயாராக வந்து விழுகின்றன. இறக்கிவைத்துக்கொண்டதும் படித்துவிட்டதுபோல ஒரு நிம்மதி. கோவை மாநகரத்துக் குழந்தைகளுக்காக ஒருவர் செய்த பயிற்சித் தாளை, ஒரு எழுத்தும் மாற்றாமல் ராமநாதபுரத்துக் கடலோரப் பள்ளியில் கொடுத்தால், மீன்வலையும் உப்பளமும் தெரிந்த குழந்தை தன் ஊரில் இல்லாத லிஃப்டைத் தேடிக்கொண்டிருக்கும். அடுத்தவர் சமைத்ததை வாங்கிச் சாப்பிடலாம். நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகுமா என்று பார்த்துத்தான் ஊட்ட வேண்டும்.

மூன்றாவது, வதந்தி. விடுமுறை அறிவிப்பு, இடமாறுதல் கலந்தாய்வுத் தேதி, இல்லாத அரசாணை. 2018-ல் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்த வேண்டிவந்தது. ‘வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறேன்’ என்பது ஓர் ஆசிரியர் சொல்லக்கூடிய சமாதானம் இல்லை. உண்மையைச் சரிபார்க்கக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது நம் வேலை.

நான்காவதை ஆண் ஆசிரியர்களுக்காகவே சொல்கிறேன். பொதுக் குழுவில் சேர்ந்தால் தன் எண் நூறு பேருக்குப் போய்விடும், வேளைகெட்ட வேளையில் ‘ஹாய் மேடம்’ வரும் என்பதற்காகவே விலகி நிற்கும் ஆசிரியைகள் நிறைய. தொடக்கப் பள்ளிகளைத் தாங்கிப் பிடிப்பவர்களே அவர்கள்தான். அவர்கள் அச்சமின்றிப் பேச முடியாத குழு, பாதிக்கு மேற்பட்ட அனுபவத்தை வாசலிலேயே நிறுத்திவைக்கிற குழு.

காப்பாற்ற என்ன வழி?

நன்றாக நடக்கும் குழுக்களைப் பார்த்தால் சில பழக்கங்கள் பொதுவாக இருக்கின்றன. ஆள் குறைவு. வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்க அனுமதிக்கிறது. ஆனால், முப்பது நாற்பது பேரைத் தாண்டினால் பேச்சு நின்று அறிவிப்புதான் மிஞ்சும். காலை வணக்கப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் கிடையாது. கேள்வி கேட்டவரைக் கேலி செய்தால் அட்மின் அன்றே பேசிவிடுவார். இரவு ஒன்பதரைக்குப் பிறகு பதிவு இல்லை, ஏனென்றால் ஆசிரியருக்கும் வீடு உண்டு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் அந்த மாதத்தின் நல்ல உரையாடல்களைத் தொகுத்து எழுதிவைக்கிறார். இது மிக முக்கியம். போன் மாறினால், மெமரி நிறைந்தால், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தன் விதியை மாற்றினால், வருடக்கணக்கில் சேர்ந்த அறிவு ஒரு நொடியில் காணாமல் போய்விடும். நம் ஆசிரியர்கள் கண்டுபிடித்தது நம் மொழியில், நம் காகிதத்தில் தங்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது என்ன? இந்தக் குழுக்களுக்குள் நுழைந்து கண்காணிக்க வேண்டாம். அங்கே நடப்பது வேலை என்று ஒப்புக்கொண்டால் போதும். இன்று ஓர் ஆசிரியர் தன் பணத்தில் டேட்டா போட்டு, தன் தூக்கத்தை விட்டு, தன் சமையலுக்கு நடுவில் கற்றுக்கொள்கிறார். அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் பள்ளி வேளையிலேயே ஒதுக்கலாம். குறுவள மையக் கூட்டத்தின் முதல் பாதியை, ஆசிரியர்கள் கொண்டுவரும் குழந்தைகளின் நோட்டுகளுக்குக் கொடுக்கலாம். மேடையில் பேசுபவர் கொஞ்சம் காத்திருக்கட்டும். நல்ல உரையாடல்களை ஆசிரியர்களின் ஒப்புதலோடு புத்தகமாக்கி, புதிதாகப் பணியில் சேர்பவர் கையில் முதல்நாளே கொடுக்கலாம். தகவல் கேட்கும் குழுக்களை ஒன்றாகச் சுருக்கி, இரவில் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

பெற்றோரும் ஊராரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியரிடம் நம் பிள்ளை பத்திரமாக இருக்கிறது. எல்லாம் தெரியும் என்று இருபது வருடத்துக்கு முன்பே கற்பதை நிறுத்திக்கொண்டவரிடம்தான் கவலைப்பட வேண்டும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது. போன் சிணுங்கியது. அக்கா எடுத்துப் பார்த்தார். யாரோ ஒரு புது ஆசிரியர் குழுவில் போட்டிருந்த படம். நான்காம் வகுப்பு நோட்டு. 503-லிருந்து 278 போனால் 375 என்று எழுதியிருந்தது. கீழே, ‘நடுவுல சைபர் வந்தா பசங்க குழம்புறாங்க. எப்படிச் சொல்லித் தர்றதுன்னு தெரியல.’

“அக்கா, ரசம் ஆறுது” என்றேன்.

“கொஞ்சம் பொறு” என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தார். பிறகு மைக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னார்:

“சார், முதல்ல அந்தப் பையன்கிட்டயே கேளுங்க, எப்படிப் போட்டான்னு.”